ரிம் மாற்றாமல் பின்சக்கரத்துக்கு மட்டும் அகல டயர்: காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் டயர் மாற்றுவதும் அலைன்மென்ட் பார்ப்பதும்தான் என் தொழில். பின்னால் நின்று பார்த்தால் வண்டி கும்மென்று இருக்க வேண்டும், ஆனால் ரிம்முக்குச் செலவு செய்ய மனசில்லை என்று வருபவர்கள் வருடம் முழுக்க உண்டு. காலேஜ் பையன்களும் வருகிறார்கள், முன்னோருக்குப் படைக்கும் சடங்கான படைப்புக்கு ஊருக்கு வந்த இடத்தில் வண்டியையும் கவனித்துவிடலாம் என்று வரும் பெரியவர்களும் வருகிறார்கள். சந்தேகங்கள் அநேகமாக ஒன்றேதான். அவரவர் கேட்ட வார்த்தையிலேயே கேள்வியை வைத்து, பதிலை எழுதியிருக்கிறேன்.

அண்ணே, ரிம்மை மாத்தாம பின்னாடி மட்டும் அகல டயர் போடலாமா, கூடாதா? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

ஒரு படி, அதாவது 10 மி.மீ. அகலம் கூட்டுவது பெரும்பாலான வண்டிகளில் நடக்கும். இரண்டு படி என்றால் ரிம்மை அளந்த பிறகுதான் பேச்சு. மூன்று படி வேண்டாம்.

ஆனால் போட முடியும் என்பது வேறு, போட்டால் பலன் உண்டு என்பது வேறு. ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20 மாதிரி முன்சக்கரம் இழுக்கும் வண்டிகளில் பின்னால் மட்டும் அகலம் கூட்டினால் பார்வைக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான். ஓட்டத்தில் கொஞ்சம் கெடுக்கவும் செய்யும். காரணம் கீழே வருகிறது.

டயர்ல 185/65 ஆர்15 88ஹெச்-னு என்னமோ எழுதியிருக்கு. இதுல எது அகலம்?

185 என்பதுதான் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் 65 சதவீதம், பக்கச் சுவரின் உயரம். 185-இல் 65 சதவீதம் என்றால் சுமார் 120 மி.மீ. ஆர் என்றால் ரேடியல், உள் இழைகள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடும் வகை டயர். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

கடைசியில் உள்ள 88ஹெச்-ஐத்தான் யாரும் பார்ப்பதில்லை. 88 என்றால் அந்த ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும். ஹெச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வேகத்துக்குத் தயாரானது. அகலமாக ஒரு டயர் வாங்கும்போது இந்த எண்ணும் எழுத்தும் பழையதைவிடக் குறையக் கூடாது. அகலம் கூடினால் தாங்கும் எடையும் தானாகக் கூடிவிடும் என்று நினைக்காதீர்கள். பக்கச் சுவர் குட்டையான டயரில் குறையவும் செய்யலாம்.

என் ரிம் 15 இஞ்ச்தானே? அப்ப எந்த 15 இஞ்ச் டயரும் சேரணும்ல?

15 என்பது விட்டம். நமக்கு வேண்டியது ரிம்மின் அகலம். இரண்டும் வேறு வேறு. முக்கால்வாசிக் குழப்பம் இங்கேதான்.

ரிம்மின் உள்பக்கத்திலோ ஆரக்காலின் பின்புறத்திலோ 15×5.5ஜே அல்லது 5½ஜே×15 என்ற மாதிரி அச்சடித்திருக்கும். 5.5 என்பதுதான் டயரின் இரண்டு ஓரங்களும் உட்காரும் இடத்துக்கு நடுவே உள்ள அகலம். பக்கத்திலேயே இடி45 (ET45) என்பது மாதிரி இன்னொரு எண் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், உரசல் பற்றிய கேள்வியில் தேவைப்படும். ஸ்டீல் ரிம்மில் துரு ஏறி எழுத்து தெரியாவிட்டால் டயரைக் கழற்றும்போது அளந்துவிடலாம். ரிம்மின் வெளி விளிம்பிலிருந்து விளிம்பு வரை அளந்தால் கணக்கு அதிகமாக வரும். டயர் உட்காரும் உள் இடத்தைத்தான் அளக்க வேண்டும்.

சரி, என் ரிம் 5.5. எது வரைக்கும் போகலாம்?

ஒவ்வொரு டயர் அளவுக்கும் இந்த ரிம்மிலிருந்து இந்த ரிம் வரை என்று கம்பெனிக்காரர்களே ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். 185/65 ஆர்15 டயருக்கு 5 முதல் 6.5 அங்குலம் வரை. 195/65 ஆர்15-க்கும் 195/60 ஆர்15-க்கும் 5.5 முதல் 7 வரை. 205/60 ஆர்15-க்கு 5.5 முதல் 7.5 வரை. 215/60 ஆர்15-க்கு 6-இல்தான் ஆரம்பம். ஆக 5.5 ரிம்மில் 195 தாராளமாக உட்காரும். 205 வரம்பின் கடைசி ஓரத்தில் நிற்கும். 215 வரம்புக்கு வெளியே.

ஸ்விஃப்டின் விலை குறைந்த மாடல்களில் வரும் 165/80 ஆர்14 டயருக்குப் பதில் 185/70 ஆர்14 போடுவது நம் பக்கம் வழக்கம். மொத்த உயரம் 5 மி.மீ. அளவுதான் குறையும் என்பதால் அது பொருந்துகிறது. 5 அங்குல ரிம்மாக இருந்தால் அதற்கு மேல் அகலம் கேட்காதீர்கள்.

இன்னொன்று. டயரில் எழுதியிருக்கும் அகலம் எல்லா ரிம்மிலும் ஒன்றாக இருக்காது. 195/65 ஆர்15 டயரை 6 அங்குல ரிம்மில் ஏற்றினால் நிஜ அகலம் 201 மி.மீ. வரும். ரிம் அரை அங்குலம் குறைந்தால் டயரும் சுமார் 5 மி.மீ. ஒடுங்கும். எனவே உங்கள் 5.5 ரிம்மில் அது 196தான். இப்போது நீங்கள் ஓட்டும் 185 டயர் அதே ரிம்மில் 189 இருக்கிறது. பத்து மில்லிமீட்டருக்குக் காசு கொடுத்து ஏழு மில்லிமீட்டர் வாங்குகிறீர்கள். அதுவும் வயிற்றுப் பக்கத்தில். ரோட்டில் படும் பட்டன், அதாவது வரிப்பள்ளம் வெட்டிய பகுதியில் வித்தியாசம் இன்னும் குறைவு.

இன்னொரு கடையில "ஏறிடும் சார், கவலைப்படாதீங்க"ன்னாங்க. ஏறிட்டா போதாதா?

மெஷினில் வைத்து அழுத்தினால் ஏறத்தான் செய்யும். காற்று அடித்ததும் டப் டப் என்று ஓரமும் உட்கார்ந்துவிடும். ஏறிய பிறகு என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

குறுகலான ரிம்மில் அகல டயரின் இரண்டு ஓரங்களும் உள்ளே இழுபட்டு, பக்கச் சுவர் பலூன் மாதிரி வெளியே பிதுங்கும். வளைவில் திரும்பும்போது ரிம் ஒரு பக்கம் போக, டயரின் அடிப்பாகம் கொஞ்சம் தாமதித்துத்தான் பின்தொடரும். வண்டியின் பின்புறம் மிதப்பது போல ஒரு உணர்வு வரும். சுவர் ஓயாமல் மடங்கி நிமிர்வதால் சூடும் கூடும். நடுப்பகுதி மட்டும் முன்னதாகத் தேயும். காற்று குறைந்திருக்கும் நேரத்தில் வேகமாக ஒரு வளைவு எடுத்தால் ஓரம் ரிம்மைவிட்டு நழுவிக் காற்று போகும் ஆபத்தும் உண்டு.

அகல டயர்னா ரோட்டைப் பிடிக்கிற இடம் ஜாஸ்திதானே? அது நல்லதுதானே?

எல்லோரும் நம்புகிற விஷயம் இது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமார் 1,000 கிலோ எடையுள்ள முன்சக்கர வண்டியில் பின்பக்கம் விழும் எடை ஏறக்குறைய 400 கிலோ. ஒரு பின்சக்கரத்துக்கு 200 கிலோ. டயரில் 33 பிஎஸ்ஐ காற்று என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.3 கிலோ அழுத்தம். 200-ஐ 2.3-ஆல் வகுத்தால் 87 சதுர சென்டிமீட்டர் அளவில் வருகிறது. ரோட்டைத் தொடும் இடம் தோராயமாக அவ்வளவுதான். சுவரின் விறைப்பைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? எடையும் காற்றழுத்தமும்தான் பரப்பைத் தீர்மானிக்கின்றன. அதே எடைக்கும் அதே காற்றுக்கும் அகல டயர் போட்டால் தொடும் இடம் அகலத்தில் கூடி நீளத்தில் குறையும். மொத்தப் பரப்பு பெரிதாக மாறாது.

அப்படியானால் அகல டயரில் பலனே இல்லையா என்றால், உண்டு. தொடும் இடம் அகலமாகவும் குட்டையாகவும் இருந்தால் வளைவில் பக்கவாட்டுப் பிடிப்பு கொஞ்சம் கூடும். ஆனால் அது டயர் நிமிர்ந்து நிற்கும்போதுதான். முன் பதிலில் சொன்ன மாதிரி குறுகலான ரிம்மில் பிதுங்கி நின்றால் கிடைத்த பிடிப்பு அந்த ஆட்டத்திலேயே போய்விடும். பிடிப்புதான் வேண்டும் என்றால் அதே சைஸில் நல்ல ரப்பர் கலவை உள்ள டயர் வாங்குவது இதைவிட மேல். வியாபாரியாக இதைச் சொல்லக் கூடாதுதான்.

அப்புறம் ஏன் பெரிய ஸ்போர்ட்ஸ் காருக்கெல்லாம் பின்னாடி மட்டும் அகலமா கொடுக்கிறான்?

அந்த வண்டிகளில் எஞ்சினின் சக்தி பின்சக்கரத்துக்குப் போகிறது. போர்ஷே 911 போன்றவற்றில் எஞ்சினே பின்னால்தான் இருக்கிறது. எடை, தள்ளுவது, வளைவில் தாங்குவது எல்லாம் பின்சக்கரத்தின் வேலை. அதனால் அங்கே அகலம் தேவை. அதோடு, அந்த வண்டிகளில் டயர் மட்டும் அகலம் இல்லை, பின் ரிம்மும் அகலம். இதைப் படத்தில் பார்ப்பவர்கள் கவனிப்பதில்லை.

உங்கள் வண்டி முன்சக்கரம் இழுக்கிற வண்டி. இழுப்பது, திருப்புவது, பிரேக்கில் பெரும்பங்கு எல்லாமே முன்சக்கரம். பின்சக்கரம் சும்மா கூட வருகிறது. அதற்குப் போய்ப் பிடிப்பைக் கூட்டினால் வளைவில் முன்பக்கம் முதலில் பிடிப்பை விடும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராக ஓரத்துக்குப் போகப் பார்க்கும். 10 மி.மீ. வித்தியாசத்தில் பெரும்பாலோருக்கு இது தெரியாது. 20, 30 என்று போனால் தெரியும்.

என்னது இன்னோவா. பொலேரோவும் ஒண்ணு இருக்கு. ரெண்டுமே பின்சக்கரம்தானே தள்ளுது, எனக்குப் பொருந்தும்ல?

பழைய இன்னோவா, கிரிஸ்டா, பொலேரோ, ஸ்கார்ப்பியோ எல்லாம் பின்சக்கர வண்டிகள். (இன்னோவா ஹைகிராஸ் மட்டும் முன்சக்கர வண்டி. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.) உங்களுக்கு முந்தைய பதிலில் உள்ள காரணம் ஓரளவு பொருந்தும். ஆனாலும் ரிம் வரம்பு உங்களையும் விடாது.

பொலேரோவை எடுத்துக்கொள்வோம். 215/75 ஆர்15-க்குப் பதில் 235/75 ஆர்15 கேட்கிறார்கள். மொத்த விட்டம் 703-லிருந்து 733 மி.மீ. ஆகிறது. நாலு சதவீதத்துக்கு மேல். பின்னால் மட்டும் போட்டால் வண்டி மூக்கைக் கவிழ்த்த மாதிரி நிற்கும், கியர் இழுவையும் மந்தமாகும். அந்த டயருக்கு ரிம் வரம்பு 6 அங்குலத்தில் தொடங்குகிறது. போடுவதென்றால் நாலுக்கும் சேர்த்துப் போடுங்கள். நாலு சக்கரமும் இழுக்கும் மாடல் என்றால் பின்னால் மட்டும் உயரத்தைக் கூட்டவே கூடாது. தார் ரோட்டில் நாலு சக்கர இழுவைக்கான லீவரைப் போட்டதும் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றி, பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

195-ல 60 வாங்கவா, 65 வாங்கவா? கடையில ரெண்டும் இருக்கு.

185/65 ஆர்15-இன் மொத்த விட்டம் 621.5 மி.மீ. 195/60 என்றால் 615, அதாவது ஒரு சதவீதம் குறைவு. 195/65 என்றால் 634.5, இரண்டு சதவீதம் அதிகம். மாற்றம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்பதால் என் ஓட்டு 60-க்கு. நம் ஊர் வேகத்தடைகளையும் வயக்காட்டுப் பாதையையும் நினைத்துச் சிலர் 65 கேட்கிறார்கள். நாலு சக்கரத்துக்கும் போடுவதானால் அதுவும் சரிதான். பின்னால் மட்டும் என்றால் 60.

ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லுமா?

எந்தச் சக்கரத்திலிருந்து கணக்கு எடுக்கிறது என்பதைப் பொறுத்தது. கியர்பாக்ஸிலிருந்து எடுக்கும் முன்சக்கர வண்டியில் பின் டயரை மாற்றினால் மீட்டர் மாறாது. பின்சக்கர வண்டியில் மாறும். டயர் இரண்டு சதவீதம் பெரிதானால் மீட்டர் 100 காட்டும்போது வண்டி 102-இல் போகும்.

மட்கார்டுல உரசுமா?

வண்டி காலியாக நிற்கும்போது உரசாது, அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஐந்து பேர் ஏறி, டிக்கியில் சாமானும் வைத்து, திருமயம் ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கும்போதுதான் தெரியும். ஆத்தங்குடிக் கல்லை டிக்கியில் அடுக்கி எடுத்துப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் வண்டியில் பின்பக்கம் எவ்வளவு தணியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அகலம் கூடும்போது பாதி வெளியே, பாதி உள்ளே போகும். 10 மி.மீ. என்றால் பக்கத்துக்கு 5. வெளியே மட்கார்டின் மடிப்பு விளிம்பைப் பாருங்கள். உள்ளே ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் தட்டு, பிரேக் ஹோஸ், ஹேண்ட்பிரேக் கேபிள் எல்லாவற்றுக்கும் இடைவெளி இருக்க வேண்டும். உள் உரசல்தான் மோசமானது, கண்ணில் படாமல் சுவரை அறுத்துக்கொண்டே இருக்கும். ரிம்மில் குறித்துவைத்த இடி எண், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் பதியும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பது. ஒரே ரிம்மை வைத்துக்கொள்ளும்வரை அது மாறாது. வேறு வண்டி ரிம்மைக் கொண்டுவந்து மாட்டினால் இந்தக் கணக்கு முழுக்க மாறும்.

உரசினா ஸ்பேசர் வெச்சு வெளிய தள்ளிடலாம்ல?

வேண்டாம். ரிம்முக்கும் அச்சுக்கும் நடுவே அந்த வட்டத் தட்டைச் செருகினால் சக்கர பேரிங்குக்கும் போல்ட்டுக்கும் சுமை கூடும், உள்ளே தப்பித்த டயர் வெளியே மட்கார்டில் போய் இடிக்கும். உரசினால் அந்த டயர் உங்கள் வண்டிக்கு இல்லை என்று அர்த்தம்.

மழையில நல்லா பிடிக்கும்னு சொன்னாங்களே?

ஈர ரோடு வேறு, தேங்கிய தண்ணீர் வேறு. ஐப்பசி கார்த்திகையில் கண்மாய் நிறைந்து கலுங்கில் மறுகால் போகும்போது தாழ்ந்த ரோடுகளில் தண்ணீர் விரித்துப் பாயும். அந்தத் தண்ணீரைப் பிளந்து ஒதுக்கினால்தான் டயர் தரையைத் தொடும். அகல டயர் ஒதுக்க வேண்டிய தண்ணீர் அதிகம், அதனால் குறைந்த வேகத்திலேயே மிதக்க ஆரம்பித்துவிடும். தேய்ந்த அகல டயர் இன்னும் மோசம்.

சட்டப்படி காருக்குக் குறைந்தபட்சப் பட்டன் ஆழம் 1.6 மி.மீ. பட்டன் இடுக்கில் குட்டிக் குட்டி மேடுகள் இருக்கும், தேய்மானம் அதைத் தொட்டால் 1.6-க்கு வந்துவிட்டது என்று பொருள். நம் மழைக்கு 3 மி.மீ. இருக்கும்போதே மாற்றிவிடச் சொல்வேன்.

செம்மண் பாதையில, கண்மாய்க் கரையில போறதுக்கு?

காய்ந்த சரளையில் பெரிய வித்தியாசம் இல்லை. புழுதி மணலில் அகல டயர் கொஞ்சம் மேலாக நிற்கும். மழை பெய்து குழைந்த செம்மண்ணில் அகல டயர் மேலேயே வழுக்கும், ஒல்லி டயர் சேற்றை வெட்டிக் கீழே உள்ள கெட்டித் தரையைப் பிடிக்கும். பழைய ஜீப்புகளில் ஒல்லி டயர் இருந்தது சும்மா இல்லை.

அகல டயருக்குக் காத்து எவ்வளவு வைக்கணும்?

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பின்சக்கரத்துக்கு அதில் என்ன போட்டிருக்கிறதோ அதிலிருந்தே ஆரம்பியுங்கள். வண்டியின் எடை மாறவில்லையே. டயரின் சுவரில் அச்சடித்திருக்கும் பெரிய எண், அது தாங்கும் உச்ச அளவு. அதை அடிக்கச் சொல்லவில்லை. காலையில் வண்டி எடுக்கும் முன் அடியுங்கள். சித்திரை வெயிலில் மதுரை வரை ஓட்டிவிட்டுப் பார்த்தால் நாலைந்து பிஎஸ்ஐ கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பிடுங்கிவிடாதீர்கள்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலப வழி: பட்டன் மேல் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, சமமான ரோட்டில் கொஞ்ச தூரம் நேராக உருட்டுங்கள். நடுவில் மட்டும் கோடு அழிந்தால் காற்று கூடுதல், இரண்டு ஓரத்திலும் அழிந்தால் குறைவு. ஒன்று இரண்டு பிஎஸ்ஐ-க்குள் சரிசெய்யுங்கள். அதற்குள் சரியாகவில்லை, நடு மட்டுமே படுகிறது என்றால் கோளாறு காற்றில் இல்லை, ரிம் குறுகல்.

மைலேஜ் குறையுமா?

குறையும். ஒரு படி அகலத்தில் பெட்ரோல் பங்க் பில்லில் தெரியாத அளவு, அதற்கு மேல் தெரியும் அளவு.

ஸ்டெப்னி பழைய சைஸ்லயே கிடக்கு. பரவாயில்லையா?

வீடு வந்து சேர, பஞ்சர் கடை வரை போகப் பரவாயில்லை. முன்சக்கர வண்டி என்றால் முன்னால் எப்போதும் பழைய சைஸ்தான் இருக்கப் போகிறது, அங்கே பஞ்சரானால் ஸ்டெப்னி அப்படியே பொருந்தும். பின்னால் பஞ்சரானால் ஒரு பக்கம் 195, மறுபக்கம் 185. மெதுவாக ஓட்டி வந்துவிடுங்கள். பின்சக்கர வண்டியில் இப்படி நெடுந்தூரம் போனால் இரண்டு பின்சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் பற்சக்கரத் தொகுதியான டிஃபரென்ஷியல் ஓய்வில்லாமல் வேலை செய்ய வேண்டிவரும்.

இப்போது பல வண்டிகளில் கம்பெனியே ஸ்டெப்னியைச் சின்ன சைஸில் தருகிறது. 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாதே என்று அதிலேயே எழுதியிருக்கும்.

டயரை முன்ன பின்ன மாத்திப் போடுறோமே, அது?

முடியாது. முன்னுக்கும் பின்னுக்கும் சைஸ் வேறு என்றாலே அந்த வழக்கம் முடிந்தது. முன்சக்கர வண்டியில் முன் டயர் சீக்கிரம் தேயும். மாற்றிப் போட வழி இல்லாததால் முன்னால் அடிக்கடி வாங்குவீர்கள், பின்னால் உள்ள அகல டயர் தேயாமலேயே வயதாகிக் கிடக்கும். இந்தச் செலவை யாரும் முதலில் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஏபிஎஸ் லைட் எரியுமா?

ஏபிஎஸ் என்பது பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டி வழுக்காமல் காக்கும் ஏற்பாடு. அது நாலு சக்கரத்தின் சுழற்சியையும் ஒப்பிட்டுத்தான் எது வழுக்குகிறது என்று கண்டுபிடிக்கிறது. பின் டயரின் விட்டம் முன் டயரிலிருந்து மிகவும் விலகினால், வழுக்காத சக்கரம் வழுக்குவதாக அதற்குத் தோன்றலாம். நான் இரண்டு சதவீதத்தைத் தாண்டவிடுவதில்லை. 195/60-க்கு என் ஓட்டு என்று மேலே சொன்னதில் இதுவும் ஒரு காரணம். காற்றுக் குறைவை சக்கரச் சுழற்சியை வைத்தே கண்டுபிடிக்கும் வண்டி என்றால், டயர் மாற்றியதும் அதை ரீசெட் செய்ய வேண்டும்.

ரெண்டு புது டயருக்குத்தான் இப்போ காசு. சைஸ் மாத்தல. முன்னாடி போடவா, பின்னாடி போடவா?

பின்னால். முன்சக்கர வண்டியானாலும் பின்னால்தான். மழையில் முன்பக்கம் வழுக்கினால் ஆக்ஸிலேட்டரை விட்டால் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும், பழக்கம் இல்லாதவரால் நிறுத்த முடியாது. "முன்சக்கரம்தானே இழுக்குது" என்று சண்டை போடுபவர்கள் உண்டு. போடட்டும்.

எங்க ஐயாவோட அம்பாசடர் வளவுல நிக்குது. அதுக்குப் பின்னாடி அகல ரேடியல் போட்டா எப்படி இருக்கும்?

அந்த வண்டிக்கு வந்த சைஸ் 5.90-15. அதாவது அகலமே 5.9 அங்குலம், சுமார் 150 மி.மீ. நைலான் குறுக்கு இழை டயர். ரிம்மும் இன்றைய கார்களைவிடக் குறுகல். அதில் 185, 195 எல்லாம் கனவு காணாதீர்கள். ரிம்மை அளந்து, அதற்கு ஒத்த ஒல்லி ரேடியலாக நாலையும் ஒன்றாகப் போடுங்கள். பழைய ரிம்மில் டயர் ஓரம் நழுவாமல் பிடிக்கும் உள்மேடு இருக்காது, ஆகவே டியூப் போட்டே ஆக வேண்டும்.

ரேடியலையும் நைலானையும் கலப்பதானால் ஒரே ஒரு முறைதான் உண்டு: ரேடியல் பின்னால், நைலான் முன்னால். முன்னால் ரேடியல், பின்னால் நைலான் என்று மாட்டினால் வளைவில் பின்பக்கம் வெளியே வீசும். ஒரே அச்சில் இரண்டையும் கலப்பது கூடவே கூடாது.

சென்னையில வண்டியில இருந்து பிரிச்ச அகல டயர் மலிவா வருது. வாங்கலாமா?

சுவரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. ஐந்து வருடத்தைத் தாண்டியதை நான் வாங்கமாட்டேன், பட்டன் புதிதாக இருந்தாலும். உள்பக்கம் ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

ஆர்டிஓ-வில பிரச்சினை வருமா? இன்சூரன்ஸ்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரம் கம்பெனி சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை இறுக்கமாகவே சொன்னது.  அதனால் வாடகைக்கு ஓட்டும் மஞ்சள் போர்டுக்காரர்கள் சைஸ் மாற்றாமல் இருப்பதே நல்லது.

சொந்த வண்டி என்றால் உங்கள் மாடலின் வேறு வேரியன்ட்டுக்குக் கம்பெனியே கொடுக்கும் சைஸாகப் பார்த்துப் போடுங்கள். அதைத் தாண்டினால் இன்சூரன்ஸ்காரருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு சர்வேயர் வந்து டயரைப் பார்க்கும்போது விளக்கம் சொல்வது கஷ்டம். டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் எந்த விளக்கமும் எடுபடாது.

அண்ணே, நான் ஏற்கெனவே 5.5 ரிம்ல 215 போட்டுட்டேன். நல்லாத்தான் ஓடுது. கழட்டணுமா?

கழற்ற வேண்டும். அது வரம்புக்கு வெளியே என்று ரிம் பற்றிய பதிலிலேயே வந்துவிட்டது. நேர் ரோட்டில் நிதானமாகப் போகும்வரை எல்லா டயரும் நன்றாகத்தான் ஓடும்.

கழற்றும் முன் சிலவற்றைப் பாருங்கள். ரிம்மை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய கோடு வட்டமாகப் போகும். ரிம் விளிம்புக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு உள்ளே போயிருந்தால் ஓரம் சரியாக உட்காரவில்லை, அந்த வண்டியை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். உள்சுவரில் பளபளவென்று தேய்ந்த தடமோ வெட்டோ இருந்தால் அந்த டயர் யாருக்கும் ஆகாது. இரண்டும் இல்லாமல் பட்டனும் புதிதாக இருந்தால் 6.5 ரிம் வைத்திருப்பவர் யாராவது வாங்கிக்கொள்வார். பழைய 185 டயர்கள் வீட்டில் கிடந்தால், அவற்றின் தேதியையும் பட்டனையும் பார்த்துவிட்டு அதையே திரும்ப மாட்டலாம். பேலன்சிங் மட்டும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும்.